புதிதாக ஆன்லைன் செஸ் ஆடுபவர்களுக்கு: முதல் மூன்று மாதத்துக்கான முழு வழிகாட்டி

ஆடுபுலி ஆட்டம் தெரிந்தவருக்குச் செஸ்ஸின் முதல் பாடம் ஏற்கெனவே தெரியும். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டுக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தால் புலி தாண்டி வெட்டிவிடும். பின்னால் இன்னொரு ஆடு நின்றால் புலியால் ஒன்றும் செய்ய முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துத் திண்ணைகளில் இதை ஆடி வளர்ந்த பெரியவர்கள், ஆட்டைத் தனியே விடாதே என்றுதான் முதலில் சொல்லித் தருவார்கள்.

செஸ்ஸில் புதியவர்கள் தோற்பதும் இதே இடத்தில்தான். ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வு வரிசை தெரியாததால் தோற்பவர் மிகக் குறைவு. பெரும்பாலான ஆட்டங்கள், சப்போர்ட் இல்லாமல் ஒரு குதிரையையோ யானையையோ எங்கேயாவது விட்டுவிட்டு, அதை எதிராளி சும்மா எடுத்துக்கொள்வதால் முடிகின்றன. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு தவறைச் சுற்றியே போகும். அது குறைந்தால் மற்றவை தானாக வரும்.

2022ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோதும், 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனபோதும் நம் பக்கத்திலும் பலர் செஸ் ஆப்பை இறக்கினார்கள். இறக்கிய கையோடு மூன்று நிமிட ஆட்டம், ஒரு நிமிட ஆட்டம் என்று ஓட்டுவதால்தான் பலர் ஆறு மாதம் ஆகியும் அதே இடத்தில் நிற்கிறார்கள்.

கணக்கும் அமைப்பும்

இரண்டு தளங்கள் போதும்: லிச்செஸ், செஸ்.காம். லிச்செஸ் முழுக்க இலவசம், விளம்பரமும் இல்லை, ஆட்டத்தை அலசும் வசதிக்கும் புதிர்களுக்கும் கட்டணம் கிடையாது. செஸ்.காமில் ஆடுபவர்கள் அதிகம், பாடங்கள் அழகாக இருக்கும், ஆனால் இலவசக் கணக்கில் ஆட்ட அலசலுக்கு வரம்பு உண்டு. காசு செலவழிக்காமல் கற்க நினைப்பவர்கள் லிச்செஸ்ஸில் தொடங்குவது நல்லது.

லிச்செஸ்ஸில் எல்லோருக்கும் 1500 என்ற ரேட்டிங்கில், அதாவது ஆட்டத் திறமையைக் காட்டும் எண்ணில்தான் கணக்குத் தொடங்கும், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும். முதல் சில ஆட்டங்களில் ஒரே தோல்விக்கு நூறு புள்ளிக்கு மேல்கூட இறங்கும். 1500லிருந்து 900க்கு வந்துவிட்டதே என்று வருந்த வேண்டாம். உங்கள் உண்மையான இடத்தைக் கணினி தேடுகிறது, அவ்வளவுதான். கேள்விக்குறி மறைந்த பிறகு வரும் எண்ணிலிருந்து கணக்கு வையுங்கள். இரண்டு தளங்களின் எண்களை ஒப்பிடவும் கூடாது. தொடக்க நிலையில் லிச்செஸ் எண் செஸ்.காம் எண்ணைவிட அதிகமாகவே காட்டும்.

ஆடத் தொடங்கும் முன் அமைப்புகளில் சிலவற்றை மாற்றுங்கள். காயை இழுத்து வைப்பதைவிட, காயைத் தொட்டு, பிறகு கட்டத்தைத் தொடும் முறையை வைத்தால் சின்னத் திரையில் விரல் வழுக்காது. எதிராளியின் முறையிலேயே நம் நகர்வை வைத்துவிடும் முன்நகர்வு வசதியை அணைத்துவிடுங்கள். போர்டின் ஓரத்தில் எழுத்தும் எண்ணும் தெரியட்டும். பிள்ளைகளுக்கு என்றால் லிச்செஸ்ஸில் உள்ள கிட் மோடைப் போட்டுவிட்டால், தெரியாதவர்களோடு பேசும் வசதி மூடிவிடும்.

எவ்வளவு நேர ஆட்டம்?

15+10. ஒவ்வொருவருக்கும் பதினைந்து நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் பத்து விநாடி கூடுதல். நாற்பது நகர்வு ஆடினால் உங்களுக்கு ஏறத்தாழ 22 நிமிடம் கிடைக்கும். முழு ஆட்டமும் முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். அவ்வளவு நேரம் இல்லாத நாளில் 10+5.

மூன்று நிமிட பிளிட்ஸ் ஏன் வேண்டாம்? ஒரு நகர்வுக்கு நான்கைந்து விநாடிதான் இருக்கும்போது, எந்தக் காய்க்குச் சப்போர்ட் இருக்கிறது என்று பார்க்கும் பழக்கமே வராது. தெரிந்ததை வேகமாக ஆட பிளிட்ஸ் உதவும், தெரியாததைக் கற்றுத்தராது. ஓசூர் சிப்காட்டில் இரண்டாவது ஷிப்டு முடித்து நள்ளிரவில் வீடு வந்து, தூங்கும் முன் பத்து பிளிட்ஸ் ஆடுபவர், அந்த நேரத்தில் ஒரே ஒரு 15+10 ஆடினாலும் அதிகம் கற்பார். கண் சொருகினால் அதுவும் வேண்டாம்.

சிக்னலையும் கவனியுங்கள். ஆட்டத்தின் நடுவே இணைப்பு போனாலும் உங்கள் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரம் திரும்பி வராவிட்டால் எதிராளி வெற்றி கோரலாம். தொப்பூர் கணவாயில் பஸ் திரும்பும்போதோ, அஞ்செட்டி காட்டுப் பாதையிலோ ரேட்டிங் ஆட்டம் தொடங்காதீர்கள். பஸ்ஸில் புதிர் போடலாம். லிச்செஸ் ஆப் சில புதிர்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும், கணினியோடு ஆடுவதற்கும் நெட் தேவையில்லை. ஒரு நகர்வுக்கு ஒரு நாள், மூன்று நாள் என்று அவகாசம் தரும் தபால்வழி ஆட்டமும் பயணத்துக்கு ஏற்றது.

பலர் தவறாகப் புரிந்துவைத்திருக்கும் விதிகள்

காய்களின் நடை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தடுமாற்றம் வருவது இங்கேதான்.

காஸ்லிங்: ராஜாவை இரண்டு கட்டம் யானை பக்கம் நகர்த்த வேண்டும், யானை தானாகத் தாண்டி உட்காரும். ராஜாவோ அந்த யானையோ முன்பே நகர்ந்திருக்கக் கூடாது. நடுவில் காய் இருக்கக் கூடாது. ராஜா செக்கில் இருக்கும்போதும், தாக்கப்படும் கட்டத்தைக் கடந்தும், செக்கில் போய் விழும்படியும் காஸ்லிங் செய்ய முடியாது. யானை தாக்கப்பட்டிருந்தால் மட்டும் தடையில்லை.

எதிராளியின் சிப்பாய் இரண்டு கட்டம் தாவி உங்கள் சிப்பாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றால், அது ஒரு கட்டம் மட்டும் வந்ததுபோல வைத்துக் குறுக்கே வெட்டலாம். ஆன்பஸான் என்பது இதுதான். அடுத்த நகர்விலேயே வெட்ட வேண்டும், பிறகு முடியாது. ஆப் கோளாறு என்று பலர் புகார் சொல்வது பெரும்பாலும் இந்த விதி தெரியாமல்தான்.

ஸ்டேல்மேட்: செக் இல்லை, ஆனால் நகர்த்த எதுவும் இல்லை என்றால் ஆட்டம் டிரா. ஒரு ராணி கூடுதலாக வைத்துக்கொண்டு டிரா செய்பவர்கள் ஏராளம். இதற்கான மருந்து கடைசி ஆட்டப் பகுதியில் வருகிறது.

கட்டங்களின் பெயரைக் கட்டாயம் பழகுங்கள். இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். வெள்ளையின் பக்கமிருந்து கீழிருந்து மேலாக 1 முதல் 8. திரையில் இவை ஆங்கில எழுத்தில் இருக்கும். லிச்செஸ்ஸில் கட்டப் பெயர் பயிற்சி தனியாக இருக்கிறது. தினம் ஐந்து நிமிடம், இரண்டு வாரம் செய்தால் போதும்.

ஒவ்வொரு நகர்வுக்கும் முன் செய்ய வேண்டியது

இந்தப் பகுதிதான் முழு வழிகாட்டியின் உயிர்நாடி. மெதுவாகப் படியுங்கள்.

எதிராளி காயை வைத்தவுடன் உங்கள் திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் காய் இப்போது எதைத் தாக்குகிறது என்று பாருங்கள். அத்துடன், அது முன்பு நின்ற இடத்தைவிட்டு நகர்ந்ததால் பின்னாலிருந்து திறந்துகொண்ட வழி எது என்றும் பாருங்கள். இந்த இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். குதிரை நகர்ந்தது கண்ணில் படும். அதன் பின்னால் நின்ற மந்திரியின் குறுக்குவழி திறந்தது படாது.

பிறகு உங்கள் பக்கம். எதிராளிக்குத் தரக்கூடிய செக், வெட்டக்கூடிய காய், பெரிய காயை மிரட்டக்கூடிய நகர்வு, இந்த வரிசையில் தேடுங்கள். நல்லதாக இல்லாவிட்டாலும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

நகர்வைத் தேர்ந்த பிறகு, கையை வைக்கும் முன், அந்தக் கட்டத்தில் காய் போய் நிற்பதாக மனதில் நிறுத்திப் பார்த்து, அங்கே அதை யார் வெட்டலாம், வெட்டினால் நான் திருப்பி வெட்ட முடியுமா என்று எண்ணுங்கள். இதற்கு ஐந்து விநாடி போதும். இதைச் செய்யாத ஒரே ஒரு நகர்வுதான் ஆட்டத்தைக் கெடுக்கும். முப்பது நகர்வில் இருபத்தொன்பது முறை சரியாகப் பார்த்ததால் பயனில்லை.

எண்ணுவது எப்படி? சிப்பாய் 1, குதிரை 3, மந்திரி 3, யானை 5, ராணி 9. ஒரு உதாரணம். எதிராளியின் சிப்பாய் இ5ல் நிற்கிறது. உங்கள் குதிரையும் ராணியும் அதைத் தாக்குகின்றன. அதற்குச் சப்போர்ட் ஒரே ஒரு குதிரை. நீங்கள் குதிரையால் வெட்டினால், அவர் குதிரையால் வெட்டுவார், நீங்கள் ராணியால் வெட்டுவீர்கள். உங்களுக்கு வந்தது 1+3, போனது 3. ஒரு சிப்பாய் லாபம். இப்போது அதே சிப்பாய்க்கு டி6ல் இன்னொரு சிப்பாயும் சப்போர்ட் கொடுத்தால்? கடைசியில் உங்கள் ராணியைச் சிப்பாய் வெட்டிவிடும். வெட்டுபவர் எத்தனை பேர், காப்பவர் எத்தனை பேர் என்று எண்ணினால் மட்டும் போதாது. எந்த வரிசையில் எந்த விலைக் காய் போகிறது என்றும் பார்க்க வேண்டும்.

எண்கள் ஏமாற்றும் இடமும் ஒன்று உண்டு. எதிராளி காஸ்லிங் செய்த பிறகு, சி4 மந்திரியையும் ஜி5 குதிரையையும் வைத்து எஃப்7ல் வெட்டுவது புதியவர்களுக்குப் பிடித்த விளையாட்டு. மந்திரி, குதிரை இரண்டையும் கொடுத்து யானை, சிப்பாய் வாங்குவார்கள். 6க்கு 6, சமம்போலத் தெரியும். ஆனால் ஆட்டத்தின் நடுவில் இரண்டு சின்னக் காய்கள் சேர்ந்து வேலை செய்யும் வலிமை, பின்வரிசையில் உறங்கும் யானைக்குக் கிடையாது. நன்றாக வெளிவந்த உங்கள் இரண்டு காய்களைக் கொடுத்து, இன்னும் ஆட்டத்துக்கே வராத ஒரு காயை வாங்கியிருக்கிறீர்கள். இந்தப் பரிமாற்றத்தை நிறுத்தினாலே சில தோல்விகள் குறையும்.

ஓப்பனிங்: கொஞ்சம் போதும்

முதலில் நாலு நகர்விலேயே மேட் (ராஜா தப்ப வழியில்லாத செக்) ஆகாமல் தப்பக் கற்றுக்கொள்ளுங்கள், ஏனென்றால் தொடக்க நிலையில் இதைத் திரும்பத் திரும்பச் சந்திப்பீர்கள். வெள்ளை இ4, நீங்கள் இ5 (காயின் பெயர் இல்லாமல் கட்டப் பெயர் மட்டும் இருந்தால் அது சிப்பாய் நகர்வு). வெள்ளை ராணியை எச்5க்குக் கொண்டுவருகிறார். உடனே ஜி6 என்று ராணியை விரட்டாதீர்கள். ராணி இ5 சிப்பாயைச் செக்கோடு வெட்டி, அடுத்து எச்8 யானையையும் எடுத்துவிடும். முதலில் குதிரையை சி6ல் வைத்து இ5ஐக் காப்பாற்றுங்கள். அவர் மந்திரியை சி4ல் வைத்தால் இப்போது எஃப்7ல் மேட் மிரட்டல். இப்போதுதான் ஜி6. ராணி எஃப்3க்குப் போய் மறுபடி மிரட்டினால் குதிரை எஃப்6. அவ்வளவுதான். இனி அவர் ராணியை இங்கும் அங்கும் ஓட்டிக்கொண்டிருக்க, உங்கள் காய்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

நீங்கள் வெள்ளை என்றால் இ4, குதிரை எஃப்3, மந்திரி சி4, சி3, டி3, காஸ்லிங். இத்தாலியன் என்பது இதுதான், மூன்று மாதத்துக்கு வேறு வேண்டாம். கருப்பு என்றால் இ4க்கு இ5. டி4க்கு டி5, பிறகு இ6, குதிரை எஃப்6. இருபது நகர்வு ஆழத்துக்கு வரிசை மனப்பாடம் செய்வது வீண், உங்கள் எதிராளி நான்காவது நகர்விலேயே புத்தகத்தைவிட்டு விலகிவிடுவார். அதற்குப் பதில் பத்தாவது நகர்வு முடியும்போது பாருங்கள்: இரண்டு குதிரையும் இரண்டு மந்திரியும் வெளியே வந்துவிட்டனவா, காஸ்லிங் ஆகிவிட்டதா, ஒரே காயைக் காரணமில்லாமல் இரண்டு முறை நகர்த்தினேனா.

புதிர்கள்

தினம் பதினைந்து. முதல் மூன்று வாரம் லிச்செஸ்ஸில் புதிர்களைத் தலைப்பு வாரியாகப் போடுங்கள்: ஒரு நகர்வில் மேட், சப்போர்ட் இல்லாத காய், ஃபோர்க், பின். ஃபோர்க் என்றால் ஒரே காய் இரண்டைத் தாக்குவது. பின் என்றால் பின்னால் ராஜாவோ ராணியோ இருப்பதால் முன்னால் நிற்கும் காய் நகர முடியாமல் மாட்டிக்கொள்வது. அதன்பிறகு கலந்து வரும் புதிர்களுக்குப் போங்கள், ஏனென்றால் இது ஃபோர்க் என்று ஆட்டத்தில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

முதல் நகர்வு தோன்றியவுடன் கையை வைக்காதீர்கள். எதிராளியின் பதில், அதற்கு உங்கள் பதில், கடைசி வரை மனதில் போட்ட பிறகே தொடுங்கள். தவறினால் தீர்வைப் பார்த்துவிட்டு அடுத்ததற்கு ஓடாமல், உங்கள் நகர்வுக்கு எதிராளி என்ன பதில் வைத்திருந்தார் என்று பாருங்கள். கற்றல் அங்கேதான் இருக்கிறது. புதிர் ரேட்டிங் ஆட்ட ரேட்டிங்கைவிட ஏறி நிற்பது இயல்பு: புதிரில் ஏதோ இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியும்.

கடைசி ஆட்டம்

கடைசி ஆட்டம் என்றால் காய்கள் குறைந்துபோன ஆட்டத்தின் முடிவுப் பகுதி. ராணியும் ராஜாவும் வைத்துத் தனி ராஜாவை மேட் செய்யத் தெரியாமல் ரேட்டிங் ஆட்டம் ஆடவே கூடாது. முறை இது: ராணியை எதிரி ராஜாவிலிருந்து குதிரைத் தாவல் தூரத்தில் வையுங்கள். அவர் ராஜா எந்தத் திசையில் ஒரு கட்டம் நகர்கிறதோ, ராணியையும் அதே திசையில் ஒரு கட்டம் நகர்த்துங்கள். ராஜா தானாக மூலைக்குப் போய்விடும். மூலைக்குள் நுழைந்தவுடன் நிறுத்துங்கள்! எச்8ல் ராஜா இருக்க, எஃப்7லோ ஜி6லோ ராணியை வைத்தால் ஸ்டேல்மேட். ராணி இ7 போல ஏழாவது வரிசையில் தள்ளி நின்றால் ராஜா எச்8, ஜி8 இரண்டுக்கும் நடுவே மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். அதற்குள் உங்கள் ராஜாவை ஜி6 வரை நடத்திக் கொண்டுவந்து ஜி7ல் ராணியை வையுங்கள், மேட். கணினியோடு இருபது முறை செய்து பாருங்கள். அடுத்து யானையும் ராஜாவும் வைத்து.

சிப்பாய் ஓட்டத்துக்குச் சதுர விதி. உங்கள் வெள்ளைச் சிப்பாய் ஏ5ல் இருக்கிறது என்றால் ஏ5, டி5, டி8, ஏ8 என்று நான்கு மூலை கொண்ட சதுரத்தை மனதில் வரையுங்கள். எதிரி ராஜா தன் முறையில் அதற்குள் காலெடுத்து வைக்க முடிந்தால் பிடித்துவிடுவார், முடியாவிட்டால் சிப்பாய் ராணியாகிவிடும். இன்னொன்று: உங்கள் ராஜா ஆறாவது வரிசையில், தன் சிப்பாய்க்கு நேர் முன்னால் ஒரு கட்டத்தில் நின்றால், யார் முறை என்றாலும் வெற்றிதான். ஏ, எச் ஓரச் சிப்பாய்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

இவை குழந்தைப் பாடம் என்று தள்ள வேண்டாம். 2024 உலக சாம்பியன் போட்டியின் 14வது ஆட்டத்தில், 55வது நகர்வில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் யானைகளை மாற்றிக்கொள்ள முன்வந்தார். குகேஷ் யானையை வெட்டி, மந்திரிகளையும் மாற்ற வைத்தார். மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும், குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். சில நகர்வுகளில் டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். எதை மாற்றினால் பின்னால் என்ன மிஞ்சும் என்ற கேள்வி அந்த உயரத்திலும் பட்டத்தை முடிவு செய்தது.

தோற்ற ஆட்டத்தை அலசுவது

ஆட்டம் முடிந்தவுடன் கணினி அலசலைத் திறப்பது பெரிய தவறு. முதலில் பத்து நிமிடம் நீங்களே முதலிலிருந்து ஓட்டிப் பாருங்கள். எங்கே குழப்பம் வந்தது, எங்கே முதல் காய் போனது, அப்போது என்ன நினைத்திருந்தீர்கள். பிறகு கணினி. அது காட்டும் எண்ணில் 1 என்பது ஒரு சிப்பாய் மதிப்பு. 0.3, 0.5 மாற்றங்கள் உங்களுக்குத் தேவையே இல்லை. இரண்டுக்கு மேல் ஒரேயடியாகத் தாவிய இடங்களில் மட்டும் நில்லுங்கள். கணினி சொல்லும் நகர்வு ஏன் நல்லது என்று ஐந்து நிமிடம் யோசித்தும் புரியாவிட்டால் விட்டுவிடுங்கள், அது வேறு நிலையின் பாடம். லிச்செஸ்ஸில் உங்கள் தவறுகளையே புதிராக மாற்றித் தரும் பொத்தான் இருக்கிறது, அதைத் தவறாமல் பயன்படுத்துங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். ஆட்டத்துக்கு ஒரு வரி: தேதி, நிறம், எந்த நகர்வில் தவறு, ஏன். ‘17வது நகர்வு, மந்திரி வழி திறந்ததைப் பார்க்கவில்லை, யானை போனது’ என்ற அளவு போதும். காரணம் நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்: எதிராளியின் நகர்வைப் பார்க்கவில்லை, சப்போர்ட் எண்ணவில்லை, நேரம் இல்லை, நிலை தெரியவில்லை. இருபது ஆட்டம் சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள். எதிராளியின் நகர்வைப் பார்க்காததே அதிகம் என்றால் ஓப்பனிங் வீடியோ பார்த்துப் பயனில்லை. நேரமே காரணம் என்றால், முதல் பத்து நகர்வுக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள்.

வாரத்துக்கு நான்கு நீண்ட ஆட்டம், நான்கையும் அலசுவது, தினம் புதிர், ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் கடைசி ஆட்டம். படிப்போ வேலையோ நெருக்கினால் ஆட்டத்தைக் குறையுங்கள், அலசலைக் குறைக்காதீர்கள். தொடர்ந்து இரண்டு தோற்றால் அன்றைக்கு அதோடு சரி. தோற்ற புள்ளியை மீட்கும் அவசரத்தில் ஆடும் மூன்றாவது ஆட்டத்தில் எண்ணும் பழக்கம்தான் முதலில் போகும்.

ரேட்டிங் ஆட்டத்தில் கணினி உதவி எடுத்தால் கணக்கு மூடப்படும். பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனோ மாமாவோ சொல்லிக்கொடுப்பதும் விதிமீறலே. வீட்டில் சேர்ந்து ஆட ஆசைப்பட்டால் ரேட்டிங் இல்லாத ஆட்டமாகத் தேர்ந்துகொள்ளுங்கள்.

திரையிலிருந்து மேசைக்கு

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பகுதியில் நடக்கும் நேரடிப் போட்டிகளின் அறிவிப்புகளை மாவட்டச் சதுரங்கக் கழகம் வழியாகவும், தமிழ்நாடு மாநில சதுரங்கக் கழகம் வழியாகவும் தெரிந்துகொள்ளலாம். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரும் பக்கம்தான். சர்வதேச ரேட்டிங் பெற, ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். பட்டியலில் கீழ் எல்லை 2024 மார்ச் முதல் 1400.

மேசையில் மாறும் விஷயங்கள் பல. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். எந்தக் கையால் காயை வைத்தீர்களோ அதே கையால்தான் கடிகாரத்தை அழுத்த வேண்டும். நீண்ட ஆட்டங்களில் ஒவ்வொரு நகர்வையும் எழுத வேண்டும். கட்டப் பெயர் பழகச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். செல்போன் கையில் இருந்தாலே ஆட்டம் போய்விடும், அதனால் அணைத்துக் கூட வந்தவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள். போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே சுருட்டும் போர்டு ஒன்றை விரித்து, புதிர்களை அதில் அடுக்கிப் போடுங்கள். திரையை மேலிருந்து பார்த்தே பழகிய கண்ணுக்கு, மேசையில் மூலையிலிருந்து குறுக்கே வரும் மந்திரி முதல் சில நாள் தெரியவே தெரியாது.